உதட்டுக் கொப்புளமும் 12 நாள் பேத்தியும்

கேள்வி: பாம்பன் பக்கம் கடலில் பாசி எடுத்துப் பிழைக்கிறேன். வயது 46. வருஷத்துக்கு மூன்று, நான்கு தடவை கீழுதட்டின் இடது ஓரத்தில் கொத்தாகக் கொப்புளம் வருகிறது. பல்லி மூத்திரம் பட்டது என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டில் அக்கி எழுதச் சொல்கிறார்கள். இந்தத் தடவை மூக்குக்குக் கீழேயும் வந்துவிட்டது. மருந்துக்கடையில் 'ஹெர்பிஸ்' என்றார்கள். அது தப்பான வழியில் வரும் நோயாமே? மகளுக்குப் பிள்ளை பிறந்து 12 நாள் ஆகிறது. பேத்தியைத் தூக்கவே பயமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம்)

பதில்: முதலில் பேத்தி. தாராளமாகத் தூக்குங்கள் அம்மா. சோப்புப் போட்டுக் கை கழுவி, வாயும் மூக்கும் மறைய மாஸ்க் போட்டுக்கொண்டு தூக்குங்கள். முத்தம் மட்டும் வேண்டாம். பொருக்கு உதிர்ந்து தோல் பழையபடி ஆகும்வரை பிஞ்சுக் கையில்கூட வேண்டாம். உங்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும் கிருமி, பிறந்த குழந்தைக்கு மூளைவரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். ஏற்கெனவே முத்தம் கொடுத்திருந்தால் மறைக்காமல் குழந்தை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாத தூக்கம், தோலில் கொப்புளம் என எது தெரிந்தாலும் நடுராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இனி உங்கள் உதடு. பல்லிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை வைரஸ். உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 64 சதவீதம் பேரின் உடம்பில் இது இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலும் சின்ன வயதில் வீட்டுப் பெரியவர்கள் கொஞ்சும்போதே ஒட்டிக்கொள்ளும். உடலுறவால் முக்கியமாகப் பரவுவது இரண்டாம் வகை. முதல் வகையும் வாய்வழி உறவால் பிறப்புறுப்புக்குப் போகலாம், அதனால் கொப்புளம் இருக்கும்போது அதைத் தவிருங்கள். மற்றபடி நீங்கள் தலைகுனிய இதில் ஒன்றுமே இல்லை.

ஒருமுறை உள்ளே வந்த கிருமி, காதுக்கு முன்பக்கம் மண்டையோட்டுக்குள் இருக்கும் நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும். காய்ச்சல், அசதி, மனக்கவலை, மாதவிலக்கு, கடும் வெயில் என ஏதாவது ஒன்று எழுப்பிவிட்டால் நரம்பு வழியே இறங்கி வரும். வழக்கமாக ஒரே வழியில் இறங்குவதால்தான் உங்களுக்கு அதே இடது ஓரம். அந்த நரம்பின் கிளைகள் மூக்கு, கன்னம், தாடை, கண் வரைக்கும் போகின்றன. மூக்கடியில் வந்ததும் அதே கிருமிதான், புது நோய் இல்லை.

உதடும் தோலும் சேரும் கோட்டில் முதலில் குறுகுறுக்கும், எரியும். அப்புறம் குண்டூசித் தலை அளவில் நீர் கோத்த கொப்புளங்கள் நெருக்கியடித்து எழும்பி, உடைந்து, தேன் நிறப் பொருக்குக் கட்டும். கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கிலோ அடிக்கடி வரும் வெள்ளைக் குழிப்புண் பெரும்பாலும் சாதாரண வாய்ப்புண், ஒட்டாது. வாயின் இரண்டு ஓரமும் வெடித்தால் சத்துக் குறைவோ பூஞ்சையோ இருக்கலாம். அக்கி என்பது சின்னம்மை வைரஸ் திரும்ப எழுவது. உடம்பின் ஒரு பக்கமாகப் பட்டையாக வரும். எதுவானாலும் உடைந்த புண்ணில் காவி பூசாதீர்கள்.

எனக்குக் கவலை கண்தான். கொப்புளத்தைத் தொட்ட கையோடு கண்ணைக் கசக்காதீர்கள். கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் கூசினால் அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள். கடையில் சொட்டுமருந்து வாங்கி ஊற்றவே கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் பார்வையே போகலாம்.

பாசி நாட்களில் கூடுதலாக வருகிறதா என்று கவனியுங்கள். மேலே வெயில், கீழே தண்ணீரில் பட்டு எதிரடிக்கும் வெயில் என்று உதடு இரண்டு பக்கமும் வாங்குகிறது. வெயிலைத் தடுக்கும் எஸ்.பி.எஃப். 30 உள்ள லிப் பாம் தடவுங்கள், கடலிலிருந்து ஏறியதும் திரும்பத் தடவுங்கள். கரையில் பாசி உலர்த்தும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்ளலாம். புண் ஆறும்வரை உங்கள் தண்ணீர் பாட்டிலும் துண்டும் தனியாக இருக்கட்டும்.

அசைக்ளோவிர் மாத்திரை கிருமியை அடியோடு ஒழிக்காது; ஆனால் குறுகுறுக்கும்போதே ஆரம்பித்தால் சீக்கிரம் ஆறும். கொப்புளம் எழும்பிய பிறகு ஓடுவதைவிட, இப்போதே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டி, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.