ஒடியா என்பது வங்காளத்தின் கிளைமொழிதானா? அதற்கு இன்று என்ன தகுதி இருக்கிறது?

கிளைமொழி அன்று, தனி மொழிதான். ஒடியா, வங்காளம், அசாமியம் மூன்றும் இந்தோ-ஆரியக் குடும்பத்தின் கிழக்குக் கிளையைச் சேர்ந்தவை என்பதால் அவற்றுக்குள் பொதுச்சொற்கள் ஏராளம். ஆனால், பழத்தைக் குறிக்கும் ஒரே சொல்லை வங்காளி 'பொல்' என்று மெய்யில் முடிக்க, ஒடியாக்காரர் 'பொளொ' என்பார். இறுதி உயிரையும் ளகரத்தையும் ஒடியா விடாமல் காத்து வருகிறது. வங்காளத்தில் ளகரமே இல்லை. ஒடியா எழுத்தின் வட்டத் தலையும் வேறு. ஓலையில் எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும் என்பதே அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

நீங்கள் கேட்ட ஐயத்துக்கு வயது 150 ஆண்டுகளுக்கு மேல். 1870 வாக்கில் ஒடிசாவின் பாலேஸ்வர் நகரில் ஆசிரியராக இருந்த வங்காளி காந்திசந்திர பட்டாச்சார்யா, ஒடியா தனி மொழியே அன்று என்று சிறுநூல் எழுதினார். பள்ளியில் எந்த மொழி, யாருக்கு வேலை என்பதும் அந்த வாதத்துக்குள் அடங்கியிருந்ததால், ஒடியா எழுத்தாளர் ஃபகீர் மோகன் சேனாபதி, இதழாசிரியர் கௌரிசங்கர் ராய் போன்றோர் கடுமையாக எதிர்த்தனர். ஃபகீர் மோகன் பாடநூல்களையே எழுதித் தந்தார். மேற்கே, மத்திய மாகாணங்கள் என்ற பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிக்குள் இருந்த சம்பல்பூரில் 1895இல் ஒடியாவை நீக்கி இந்தியைப் புகுத்த ஆணை வந்தது. கிளர்ச்சிக்குப் பின் 1903இல் ஒடியா மீண்டது. இந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாகத்தான், 1936 ஏப்ரல் 1 அன்று மொழி அடிப்படையில் ஒரிசா மாகாணம் பிறந்தது. ஆந்திரம் பிரிவதற்கு 17 ஆண்டுகள் முன்பே இது நடந்துவிட்டது என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

இன்றைய தகுதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஏற்கப்பட்ட மொழிகளைப் பட்டியலிடும் அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் ஒடியா இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 3.75 கோடிப் பேருக்குத் தாய்மொழி. அதே ஆண்டில் ஆங்கிலப் பெயர்கள் 'ஒரியா', 'ஒரிசா' என்பவற்றிலிருந்து 'ஒடியா', 'ஒடிசா' ஆயின. 2014இல் தமிழ், சமஸ்கிருதம், கன்னடம், தெலுங்கு, மலையாளத்துக்கு அடுத்து ஆறாவதாகச் செம்மொழி ஏற்பும் கிடைத்தது. சரளா தாசரின் 15ஆம் நூற்றாண்டு மகாபாரதம் முதலான பழைய இலக்கியம் அதற்குத் துணைநின்றது. எனினும் பெருமை வேறு, புழக்கம் வேறு. 1954இலேயே ஆட்சிமொழிச் சட்டம் இயற்றியும் அலுவலகக் கோப்புகளில் ஆங்கிலம் நெடுங்காலம் நீடித்தது.

எனக்கு இதைவிடக் கவனிக்கத்தக்கதாகத் தோன்றுவது மேற்கு ஒடிசாவின் சம்பல்புரி. அதைப் பேசுவோரில் பலர் தங்களுடையது தனி மொழி என்று கூறி எட்டாவது அட்டவணையில் இடம் கேட்கின்றனர். அது ஒடியாவின் வட்டார வழக்கே என்று மற்றவர்கள் மறுக்கின்றனர். ஒரு காலத்தில் ஒடியாவை நோக்கி வீசப்பட்ட அதே வாதம், இப்போது ஒடியாவின் தரப்பிலிருந்து எழுகிறது.