சட்டியில போட்டா ரத்தம் ஏன் கறுக்குது? வாசகர் கேள்வி, லேப் அண்ணன் பதில்

கேள்வி: அண்ணே, ஞாயித்துக்கிழமைன்னா ஆட்டு ரத்தம் வாங்கினு வந்து வெங்காயம் பச்சமொளகா போட்டு பொரியல் பண்ணுவோம். வாங்கும்போது செக்கச்செவேல்னு கீது, சட்டில போட்ட கொஞ்ச நேரத்துல சாக்லேட் கலராயிடுது. அதுல இருக்குற இரும்புச்சத்து தீஞ்சி போயிடுதா?
- வாசகி, புது வண்ணாரப்பேட்டை

பதில்: இல்லம்மா, இரும்பு எங்கயும் போகல. அது குந்தினு இருந்த வீடு தான் இடிஞ்சி போச்சு.

ரத்தத்தோட சிவப்புக்கு காரணம் ஹீமோகுளோபின்னு ஒரு புரோட்டீன். புரோட்டீன்னா அமினோ ஆசிட்டுங்கள பூ கட்டுற மாதிரி வரிசையா கோத்து, அந்த சரத்த அதுக்குன்னு ஒரு தினுசுல சுருட்டி மடிச்சு வச்சது, அவ்ளோதான். ஹீமோகுளோபின்ல அப்படி 4 சரம், மனுஷனோடதுல ரெண்டுல 141 அமினோ ஆசிட், ரெண்டுல 146. ஒவ்வொரு சரத்துலயும் ஒரு பொந்து, பொந்துக்குள்ள ஹீம்னு ஒரு தட்டு, தட்டு நடுவுல ஒத்த இரும்பு அணு. ஆக்சிஜன் வந்து ஒட்டுறது அதுல தான். இப்ப காசிமேட்டு கரையில கிடக்குற சங்கிலிய பாருங்க, ஒரு மழைக்காலம் போனா துரு ஏறி செதில் செதிலா உதிருது. நம்ம உடம்புக்குள்ள ராப்பகலா ஆக்சிஜனோடவே சுத்துற இரும்பு மட்டும் ஏன் அப்படி ஆவுறதில்ல? பொந்து தான் காப்பாத்துது. ஒரு ஹீம இன்னொரு ஹீம்கிட்ட நெருங்க விடாது, தண்ணியையும் கிட்ட சேக்காது, அதனால ஆக்சிஜன் வந்து உக்காந்துட்டு வந்த மாதிரியே எழுந்து போயிடுது. அப்படியும் தினம் கொஞ்சம் இரும்பு ஏமாந்து ஒரு எலக்ட்ரான தொலைச்சுட்டு நிக்கும், அத திருப்பி சரி பண்றதுக்குன்னே சிவப்பணுவுக்குள்ள ஒரு என்சைம், அதாவது ரசாயன வேலைய வேகமா முடிச்சுக் குடுக்குற சாமான், இருக்கு.

சட்டி சூட்டுல மடிப்பெல்லாம் அவுந்துடுது, முட்டை வெள்ளை கெட்டியாவுற அதே கதை. பொந்து பிரிஞ்சதும் இரும்பு வெளிய மாட்டிக்குது, எலக்ட்ரான தொலைச்சு பழுப்பாயிடுது, சரி பண்ற என்சைமும் ஒரு புரோட்டீன் தானே, அதுவும் அதே சூட்டுல காலி. ஆனா இரும்பு அங்கியே தான் இருக்கு, கீரை இரும்ப விட இத உடம்பு சுலபமா எடுத்துக்கும். நல்லா வேக வச்சு சாப்பிடுங்க, அரைவேக்காடு வேணாம்.

இந்த மடிப்பு விஷயத்துல உலகமே பாக்குற ஒரு வரைபடம் இருக்கு, புரோட்டீன் சரம் எந்தெந்த கோணத்துல மடங்கலாம், எதுல மடங்க முடியாதுன்னு காட்டுறது. 1963ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி ஜி.என். ராமச்சந்திரனும் கூட இருந்தவங்களும் போட்டது. கிண்டியில நடந்தத நம்ம ஏரியாகாரங்க சொந்தம் கொண்டாடலாமான்னு கேக்காதீங்க, கொண்டாடலாம்.

கேள்வி: நுரையீரல்ல ஏறுன ஆக்சிஜன், நான் ஓடும்போது என் கால்ல வந்து கரெக்டா எறங்கணும்னு அதுக்கு யாரு சொல்றா?
- ஃபுட்பால் ஆடுற பையன், வியாசர்பாடி

பதில்: தம்பி, உன் கால் தான் சொல்லுது. ஹீமோகுளோபின் ஒரு ஷேர் ஆட்டோன்னு வச்சுக்கோ, 4 சீட்டு. காலி ஆட்டோவுல மொத ஆளா ஏற எல்லாரும் யோசிப்பான், ஒருத்தன் ஏறிட்டா அடுத்தவன் தானா ஏறுவான். இதுலயும் மொத ஆக்சிஜன் ஒட்டுறது தான் கஷ்டம், ஒட்டினதும் மொத்த புரோட்டீனும் லேசா வடிவம் மாறி மத்த சீட்டெல்லாம் ஈஸியாயிடும். எறங்கும்போதும் ஒருத்தன் எறங்கினா மத்தவனுங்க பின்னாடியே. இந்த புரோட்டீனோட உருவத்த எக்ஸ்ரே வச்சு கண்டுபிடிக்க மேக்ஸ் பெருட்ஸ் 20 வருஷத்துக்கு மேல உழைச்சாரு, 1962ல கெண்ட்ரூவோட சேந்து நோபல் வாங்கினாரு.

எங்க எறங்கணும்ன்றது தான் உன் கேள்வி. நீ ஓடும்போது தொடை தசையில கார்பன் டை ஆக்சைடு குவியுது, அது தண்ணியோட சேந்து ஆசிட் ஆவுது. சும்மா விட்டா இதுக்கு பல செகண்டு ஆவும், ஆனா ரத்தம் ஒரு தந்துகிய, அதாவது முடிய விட மெல்லிசான ரத்தக்குழாய, தாண்டுறதே ஒரு செகண்டுக்குள்ள. அதனால சிவப்பணுல கார்பானிக் அன்ஹைட்ரேஸ்னு ஒரு என்சைம், ஒரு மூலக்கூறு ஒரு செகண்டுக்கு 10 லட்சம் கார்பன் டை ஆக்சைட மாத்தித் தள்ளும், என்சைம்லயே இது பேய் வேகம். அந்த ஆசிட் ஹீமோகுளோபின்ல பட்டதும் பிடி தளருது, ஆக்சிஜன் எறங்குது. கால் சூடாவுறதும் அதே வேலைய தான் பண்ணும். கார்பன் டை ஆக்சைடு குவிஞ்சா பிடி தளரும்னு 1904ல சொன்னவரு கிறிஸ்டியன் போர், அணு மாடல் போட்ட விஞ்ஞானி நீல்ஸ் போரோட அப்பா. நீ சும்மா குந்தினு இருந்தா பாதிக்கு மேல ஆக்சிஜன் எறங்காம திரும்பிப் போயிடும்.

கேள்வி: மட்டன் வேக பப்பாளிக்காய் போடுறது சும்மா நம்பிக்கையா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: நெஜம். காய் பால்ல பப்பைன்னு ஒரு என்சைம், புரோட்டீன் சரத்த வெட்டும். காயா இருக்கணும், அரைச்சு தடவி ஊற விடணும், கொதிக்கிற குக்கர்ல போட்டா என்சைம் செத்துடும்.

கேள்வி: மழையில கரண்ட் இல்ல, ஷட்டர பாதி எறக்கி கடைக்குள்ளயே ஜெனரேட்டர் ஓட்டினோம். எனக்கும் பையனுக்கும் தலைவலி, வாந்தி. விரல்ல மாட்டுற மெஷின் 98 காட்டுச்சு, அப்ப ஆக்சிஜன் நல்லா தானே இருந்துது?
- கடைக்காரர், கொருக்குப்பேட்டை

பதில்: இல்லண்ணே, பொழச்சது புண்ணியம். ஜெனரேட்டர் பொகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு, ஆக்சிஜன விட 200 மடங்குக்கு மேல கெட்டியா ஹீமோகுளோபின்ல ஒட்டும். சீட்டையும் புடிச்சுக்கும், மீதி சீட்டுல இருக்குற ஆக்சிஜனையும் எறங்க விடாது. அந்த மெஷின் ரெண்டு லைட்ட விரல்ல அடிச்சு சிவப்ப பாத்து கணக்கு போடுது, கார்பன் மோனாக்சைடு ஒட்டின ரத்தமும் சிவப்பு தான், அதுக்கு வித்தியாசம் தெரியாது. 98ன்னு பாத்துட்டு படுத்துட்டீங்கன்னா எழுந்திருக்க மாட்டீங்க. இனிமே ஜெனரேட்டர் தெருவுல, ஜன்னலுக்கும் தள்ளி. அந்த தலைவலி வந்தா உடனே வெளிய வந்துட்டு ஆஸ்பத்திரி போங்க, "ஜெனரேட்டர் பொகை"ன்னு மொதல்லயே சொல்லுங்க.

கேள்வி: நண்டு வெட்டினா ரத்தமே வரல, அதுக்கு ரத்தம் இல்லியா?
- வாசகி, ராயபுரம்

பதில்: இருக்கு. இரும்புக்கு பதிலா செம்பு வச்ச ஹீமோசயனின், நம்மள மாதிரி சிவப்பணுவுக்குள்ள இல்லாம ரத்தத்துல அப்படியே கரைஞ்சு ஓடும். ஆக்சிஜன் இருந்தா லேசா நீலம், இல்லன்னா கலரே கிடையாது, அதான் தண்ணின்னு நெனச்சு கழுவி ஊத்திடுறோம். எறா, கடம்பாவும் அதே ரகம். சூரை மீன் மட்டும் ஏன் அவ்ளோ சிவப்புன்னு அடுத்து கேப்பீங்க. நிக்காம நீந்துற மீன் அது, தசையில ஆக்சிஜன சேத்து வைக்க மயோகுளோபின் நெறைய.