ஒட்டிப் பிறந்த விரல்கள்: சிஸ்டரிடம் கேளுங்கள்

போன இதழில் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது பற்றிச் சொல்லும்போது, "விரல்கள் ஒட்டியிருந்தால் பயப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். குளிப்பாட்டுவதை விட்டுவிட்டு எல்லாரும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் கடிதம் போட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை முழுக்க அதுவே.

என் பையனுக்கு மூன்று மாதம். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் ஒட்டியிருக்கின்றன. கிரகணத்தன்று நான் காய் நறுக்கியதால்தான் இப்படி என்று மாமியார் வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்கிறார். வீட்டுக்காரர் வாயே திறப்பதில்லை. தொட்டில் விசேஷத்தில்கூடக் கையில் உறை போட்டே வைத்திருந்தோம். நான் என்ன தப்பு செய்தேன் சிஸ்டர்?
*வாசகி, தேனி மாவட்டம்*

ஒரு தப்பும் செய்யவில்லை தங்கச்சி. வயிற்றில் குழந்தையின் கை முதலில் துடுப்பு மாதிரி தட்டையாகத்தான் உருவாகிறது, தனித்தனி விரல் அப்போது கிடையாது. ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் விரல்களுக்கு நடுவே இருக்கிற திசு தானாகவே மடிந்து கரைந்து, விரல்கள் பிரிகின்றன. அந்த வேலை ஓரிடத்தில் முடியாமல் நின்றுபோனால் விரல் ஒட்டிய மாதிரியே பிறக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், "நாள் தள்ளிப்போயிருக்கிறதே" என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருந்த சமயம் அது. நீங்கள் நறுக்கிய காய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கிரகணத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கிற ஊர்களிலும் இப்படிக் குழந்தைகள் பிறக்கத்தான் செய்கிறார்கள். ஏறக்குறைய 2000 முதல் 3000 பிரசவத்தில் ஒன்று என்பது மருத்துவக் கணக்கு. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு அதிகம். கையில் மிக அதிகமாக ஒட்டுவதும் இந்த நடுவிரல், மோதிர விரல் ஜோடிதான். டாக்டர்கள் அடிக்கடி பார்க்கிற வகை, பிரித்துவிடக்கூடிய வகை.

மாமியாரை வில்லியாக்க எனக்கு மனசு வரவில்லை. பேரப்பிள்ளைக்கு இப்படி ஆனதும் அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது, கைக்கு எட்டிய காரணம் நீங்கள். நான் வார்டில் இருந்தவரை இதற்குப் பலித்த வைத்தியம் ஒன்றுதான்: அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். "ஏன் இப்படி ஆச்சு?" என்று அவரே கேட்கட்டும். மருமகள் நூறு தடவை சொன்னாலும் இறங்காத பதில் டாக்டர் வாயிலிருந்து வந்தால் இறங்கும். அப்புறம் இன்னொன்று, இரண்டு பக்கத்துப் பெரியவர்களின் கால் விரல்களையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சித்தப்பாவுக்கோ தாத்தாவுக்கோ கால் விரல் லேசாக ஒட்டியிருந்து, வீட்டில் யாரும் கவனிக்காமலேயே இருந்திருக்கலாம்.

அந்தக் கையுறையைக் கழற்றிப் போடுங்கள். இந்த வயதில் குழந்தை கையை வைத்துத்தான் உலகத்தைத் தெரிந்துகொள்கிறது, பிடிக்கணும், வாயில் வைக்கணும், உங்கள் தாலியை இழுக்கணும். உறையின் உள்பக்கம் பிரிகிற நூல் பிஞ்சு விரலில் சுற்றி இறுக்கி, ரத்த ஓட்டம் நின்றுபோய் ராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடிவந்த குழந்தைகளையும் நான் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் போகட்டும், உறை போட்டால் வருகிறவர்களுக்கு "இதில் மறைக்க ஏதோ இருக்கிறது" என்று நீங்களே சொல்லிவிட்ட மாதிரி ஆகிறது.

வீட்டுக்காரருக்கும் இரண்டு வரி. தம்பி, உங்கள் அம்மாவை எதிர்த்துச் சண்டை போடச் சொல்லவில்லை. "அம்மா, இது யார் செஞ்சதும் இல்ல, இனிமே இந்தப் பேச்சு வேண்டாம்" என்று எல்லார் முன்னாலும் ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். பிள்ளை பெற்று மூன்று மாதமான உடம்போடு தனியாகக் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள் உங்கள் மனைவி. அவள் சரியாகத் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, காரணமில்லாமல் அழுகிறாளா என்று கவனியுங்கள். அழுகை நிற்கவில்லை என்றால் அதற்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பெண் குழந்தை, ஐந்து மாதம். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் நுனிவரை ஒட்டியிருக்கின்றன. ஒரு டாக்டர் சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார். மைத்துனர் பையனுக்கு நடுவிரல் ஒட்டியிருந்தபோது ஒன்றரை வயதில்தான் செய்தார்கள். யார் சொல்வது சரி?
*வாசகர், திருநெல்வேலி*

இரண்டும் சரி, ஏனென்றால் விரல் வேறு. நடுவிரலும் மோதிர விரலும் கிட்டத்தட்ட ஒரே நீளம், ஒட்டியிருந்தாலும் சேர்ந்து நேராக வளரும். அதனால் பொதுவாக 12 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் செய்கிறார்கள், கொஞ்சம் வளர்ந்த குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதும் சுலபம். சுண்டு விரல் குட்டை, மோதிர விரல் நெட்டை. நுனிவரை ஒட்டியிருந்தால் குட்டை விரல் நெட்டையைத் தன் பக்கம் இழுத்து வளைத்துவிடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டியிருந்தாலும் இதே கதைதான். அந்த மாதிரி ஓரத்து விரல்களை ஆறு மாதம் வாக்கிலேயே பிரிக்கப் பார்ப்பார்கள். ஆகவே உங்கள் டாக்டர் அவசரப்படுத்தவில்லை தம்பி, காலத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார்.

தோல் மட்டும் ஒட்டியிருக்கிறதா, எலும்பும் சேர்ந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஆபரேஷன் எவ்வளவு பெரியது என்பது அதைப் பொறுத்தது. நகம் இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்பதும் முக்கியம். மூன்று விரல் ஒட்டியிருக்கிற குழந்தைகளுக்கு, நடுவில் இருக்கிற விரலின் இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் பிரிக்க மாட்டார்கள். ரத்தக் குழாய்க்குச் சேதம் வந்தால் அந்த விரலே போய்விடும். ஒரு பக்கம் செய்து, சில மாதம் விட்டுத்தான் அடுத்த பக்கம். "ஒரேயடியாக முடித்துவிடுங்கள் டாக்டர்" என்று தயவுசெய்து கெஞ்சாதீர்கள்.

ஆபரேஷன் பற்றி வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பது கத்தரியால் நடுவே நறுக்கிவிடுவது என்று. அப்படிச் செய்தால் தழும்பு ஒரே கோடாக விழுந்து, குழந்தை வளர வளர சுருங்கி விரலை இழுத்து மடக்கும். அதனால்தான் கோணல்மாணலாக, வளைத்து வளைத்து வெட்டுகிறார்கள். பிரித்த இரண்டு விரலையும் சுற்றி மூடுவதற்கு இருக்கிற தோல் போதாது. மீதிக்குப் பெரும்பாலும் தொடை இடுக்கிலிருந்து தோல் எடுத்து வைப்பார்கள். "கையில் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு இடுப்பில் எதற்குக் கட்டு?" என்று அலறாமலிருக்க இதை முன்னாடியே பாட்டிகளிடம் சொல்லி வையுங்கள். அந்தத் தோல் பிற்பாடு கொஞ்சம் கருத்துத் தெரியும், நம் நிறத்துக்கு அது சகஜம்.

மயக்க மருந்துக்கு முன்னால் வயிறு காலியாக இருக்க வேண்டும். தாய்ப்பால் என்றால் பொதுவாக நான்கு மணி நேரம், மாட்டுப்பாலும் கூழும் என்றால் ஆறு மணி நேரம், உங்கள் மருத்துவமனையில் சொல்வதை அப்படியே கடைப்பிடியுங்கள். குழந்தை பசியில் கத்தும், பாட்டி மனசு கேட்காமல் ஒரு சங்கு பால் புகட்டிவிடுவார், ஆபரேஷன் தள்ளிப்போகும். வார்டில் அடிக்கடி நடக்கிற கூத்து இது. கட்டு முழங்கைக்கு மேலே வரைக்கும் இருக்கும், ஏனென்றால் சின்னக் கட்டு போட்டால் குழந்தை உருவிப் போட்டுவிடும். இரண்டு மூன்று வாரம் அது நனையக் கூடாது.

அப்புறம் யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று. குழந்தை வளரும்போது விரல் இடுக்கில் தோல் மறுபடி கொஞ்சம் மேலே ஏறி வரலாம். சில பிள்ளைகளுக்கு இன்னொரு சின்ன ஆபரேஷன் தேவைப்படும். அதனால் தையல் ஆறிவிட்டது என்று செக்கப்பை நிறுத்திவிடாதீர்கள்.

எங்கே போவது, எவ்வளவு ஆகும்? *(நிறையப் பேர்)*

கைக்கென்றே பழகிய பிளாஸ்டிக் சர்ஜனிடம் போங்கள், குழந்தைகளின் கையை நிறையப் பார்த்தவராக இருந்தால் நல்லது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைக்குத் தனி நிலையமே இருக்கிறது. வேலூர் சி.எம்.சி., கோவை கங்கா மருத்துவமனை இரண்டும் கை அறுவைக்குப் பேர்போன இடங்கள். உங்கள் ஊர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவிலும் முதலில் காட்டலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கான திட்டம் அது. உங்கள் குழந்தைக்குச் சொல்லியிருக்கிற ஆபரேஷன் அதில் வருகிறதா என்று மருத்துவமனையில் இருக்கிற காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம் அட்மிஷன் போடுவதற்கு முன்னாலேயே கேளுங்கள். கடன் வாங்கிவிட்டு அப்புறம் கேட்காதீர்கள்.

சொந்த அத்தை மகனைக் கட்டிக்கொண்டேன். அதனால்தான் விரல் ஒட்டிப் பிறந்ததா? அடுத்த குழந்தைக்கும் வருமா?
*வாசகி, தருமபுரி*

சொந்தத்தில் கட்டுவதை நான் ஆதரிக்கிறவள் இல்லை, ஆனால் இந்தப் பழியை அதன் தலையில் போட முடியாது. பெரும்பாலான குழந்தைகளுக்குக் குடும்பத்தில் முன்னால் யாருக்கும் இருந்திருக்காது. பரம்பரையாக வருகிற இடத்திலும் வழக்கமாக அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், இருவரும் சொந்தமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அப்படி உங்களில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, அதுவும் ஒருவருக்குக் கையில், இன்னொருவருக்குக் காலில் லேசாக என்று மாறி மாறி வரும். சொந்தத் திருமணத்தால் கூடுகிற அபூர்வ வகைகளும் இருக்கின்றன. அடுத்த குழந்தைக்கு முன்னால் மரபியல் ஆலோசனைக்கு ஒரு தடவை போய் வாருங்கள்.

அதைவிட முக்கியம், விரலோடு சேர்ந்து வேறு ஏதாவது இருக்கிறதா என்பது. மார்பின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறதா, தலையும் நெற்றியும் வித்தியாசமான வடிவத்தில் இருக்கின்றனவா, கை காலில் கயிறு கட்டிய மாதிரி பள்ளம் விழுந்திருக்கிறதா என்று குழந்தை டாக்டர் முழு உடம்பையும் பார்க்க வேண்டும். விரல் மட்டும்தான் என்று அவர் சொல்லிவிட்டால் நிம்மதியாக இருங்கள்.

மகளுக்கு 22 வயது. இரண்டு காலிலும் இரண்டாவது, மூன்றாவது விரல்கள் பாதிவரை ஒட்டியிருக்கும். வரன் பார்க்கிறோம். மெட்டி எப்படிப் போடுவது? இப்போதே ஆபரேஷன் செய்துவிடலாமா?
*ஒரு தாய், மதுரை*

அவள் நடக்கிறாளா, ஓடுகிறாளா, செருப்பு போடுகிறாளா? அப்புறம் எதற்கம்மா ஆபரேஷன்! காலில் இந்த இரண்டு விரல் ஒட்டுவதுதான் ரொம்ப சாதாரணம், ஒரு வேலைக்கும் இடைஞ்சல் கிடையாது. ரஷ்யாவை ஆண்ட ஸ்டாலினுக்கு இடது காலில் இதே இரண்டு விரல் ஒட்டியிருந்தது என்று ஜார் காலத்துப் போலீஸ் குறிப்பிலேயே இருக்கிறது (நம்ம ஊர் ஸ்டாலின் இல்லை, யாரும் கொடி பிடித்துக்கொண்டு வராதீர்கள்). பிரித்தால் விரலுக்கு நடுவே தழும்பு வரும், சிலருக்கு அது செருப்பு உரசி வலிக்கும், இல்லாத தொந்தரவைத் தேடிப் போவானேன். மகளே தனக்காக ஆசைப்பட்டால் டாக்டரிடம் பேசட்டும், மெட்டிக்காக வேண்டாம்.

மெட்டிக்கு ஆசாரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், முழு வளையமாக இல்லாமல் வாய் திறந்த மாதிரி, ஒட்டு முடிகிற இடத்துக்கு மேலே உட்காரும்படி செய்து கொடுப்பார். மாப்பிள்ளை வீட்டில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஆனால் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லாதீர்கள். கால் விரலைப் பார்த்து எழுந்து போகிற வீடு, போவதே நல்லது.

யு.கே.ஜி. படிக்கிற பையன். ஆபரேஷன் முடிந்து விரல் நன்றாக இருக்கிறது, தழும்புதான் தெரிகிறது. "உன் கை ஏன் இப்படி இருக்கு?" என்று பிள்ளைகள் கேட்கிறார்களாம். கையை டவுசர் பையிலேயே வைத்துக்கொள்கிறான்.
*வாசகி, திருச்சி*

பதில் தெரியாததால்தான் கை பைக்குள் போகிறது. அவனுக்கு ஒரு வாக்கியம் கொடுங்கள்: "பிறக்கும்போது என் விரல் ஒட்டியிருந்துச்சு, டாக்டர் பிரிச்சுவிட்டாங்க." அவ்வளவுதான். வீட்டில் நீங்கள் கூடப் படிக்கிற பையனாக நடித்துக் கேளுங்கள், அவன் சொல்லட்டும், சிரித்துக்கொண்டே பத்து தடவை விளையாடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பதில் கிடைத்தால் அடுத்த நிமிடம் பந்துக்குப் போய்விடுவார்கள். வாத்து, தவளை என்று பேர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்தால் கிளாஸ் டீச்சரிடம் நேராகப் பேசுங்கள், "பசங்க அப்படித்தான்" என்று அவர் சொன்னால் விடாதீர்கள். வீட்டில் "பாவம், அவனுக்குக் கை முடியாது" என்று சொல்லி எந்த வேலையிலிருந்தும் அவனை விலக்காதீர்கள், பட்டாணி உரிக்கட்டும், களிமண் பிசையட்டும், பம்பரம் விடட்டும். விரல் மடக்கி நீட்டுவதில் சிரமம் தெரிந்தால் பிசியோதெரபி இருக்கிறது.

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இப்படி இருக்கிறது. பார்க்கப் போகும்போது என்ன பேசுவது என்று தெரியவில்லை.
*வாசகி, ஈரோடு*

எல்லாக் குழந்தையையும் பார்க்கப் போகிற மாதிரியே போங்கள். யார் ஜாடை, ராத்திரி தூங்கவிடுகிறதா என்று கேளுங்கள். கையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்ப வேண்டாம், "அச்சச்சோ"வும் வேண்டாம், ஆறு விரல் அதிர்ஷ்டம் என்கிற மாதிரி ஏதாவது புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவும் வேண்டாம். அந்த அம்மா பேச ஆரம்பித்தால் பேசவிட்டுக் கேளுங்கள். ஆபரேஷன் சமயத்தில்தான் நீங்கள் நிஜமாகத் தேவைப்படுவீர்கள்: மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வர, கட்டு மாற்றுகிற அன்று கூடப் போக. தையல் தெரியும் என்றால் தோளில் நாடா வைத்துக் கட்டுகிற மாதிரி இரண்டு சட்டை தைத்துக் கொடுங்கள். முழங்கைக்கு மேலே வரைக்கும் கட்டு போட்ட கையைக் கடைச் சட்டையின் கைக்குள் நுழைக்கவே முடியாது.