விர்ச்சுவல் மெஷின்களை ஓடவிட்டால் ‘ஐபி முகவரி மோதல்’ என்று வருகிறது, நெட்வொர்க் விட்டுவிட்டு வேலை செய்கிறது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியில் இருப்பதைச் சுருக்கிக்கொள்கிறேன். விண்டோஸ் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ், அதாவது ஒரு கணினிக்குள் பல கணினிகளை (விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக வி.எம்.) ஓட்டும் மென்பொருள். ஒரு உபுண்டு சர்வரை நிறுவி, அதையே குளோன் எடுத்து மூன்றாக்கி, மூன்றையும் பிரிட்ஜ் முறையில் (ஒவ்வொன்றும் உங்கள் நெட்வொர்க்கில் தனிக் கணினிபோல நேரடியாகச் சேரும் முறை) ஓட்டுகிறீர்கள். சில நாள் விண்டோஸில் மோதல் எச்சரிக்கை வருகிறது. சில நாள் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் இணைப்பு) பாதியில் அறுந்துபோகிறது. வி.பி.என். போட்டால் அலுவலகத்தின் ஒரு சர்வர் மட்டும் கிடைப்பதில்லை. ஐபியை மாற்றிப் பார்த்தால் ஒரு நாள் சரியாகி, மறுநாள் பழையபடி.

இந்த மூன்றும் ஒரே கோளாறு இல்லை. ஒரே நெட்வொர்க்கில் இரண்டு பேர் ஒரே ஐபியை வைத்திருப்பது ஒன்று. இரண்டு வி.எம்.களுக்கு அடையாளமே ஒன்றாகிப்போவது இன்னொன்று. வி.எம். மென்பொருள் உருவாக்கிய சப்நெட்டும் (ஒரு நெட்வொர்க்குக்கான ஐபி எண்களின் தொகுதி) வெளியே இருக்கும் உண்மையான சப்நெட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்வது மூன்றாவது. ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு வேலை செய்யாது. அதனால் ஐபியில் கைவைக்கும் முன் ஒன்றை மட்டும் கண்டுபிடியுங்கள்: அந்த ஐபிக்கு பதில் சொல்லும் இன்னொரு மேக் முகவரி (நெட்வொர்க் அடாப்டரின் அடையாள எண்) எது?

எச்சரிக்கை வந்த விண்டோஸிலேயே அது பதிவாகியிருக்கும். ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாகைத் திறந்து, ‘டிசிபிஐபி’ என்ற மூலத்தில் 4199 என்ற எண்ணைத் தேடுங்கள். எந்த ஐபி மோதியது, எதிர்த்தரப்பின் மேக் என்ன என்று இரண்டுமே அந்த ஒரே வரியில் இருக்கும். மேக்கின் முதல் மூன்று ஜோடிகளைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். 08:00:27 என்றால் விர்ச்சுவல்பாக்ஸ். 00:0சி:29 அல்லது 00:50:56 என்றால் விஎம்வேர். 00:15:5டி என்றால் ஹைப்பர்-வி. 52:54:00 என்றால் கேவிஎம். இதில் எதுவும் இல்லையென்றால், மோதுவது பெரும்பாலும் உங்கள் வி.எம். அல்ல, பிரிண்டரோ, போனோ, பக்கத்து மேசை லேப்டாப்போ.

லாகில் எதுவும் இல்லையென்றால், அதே நெட்வொர்க்கில் உள்ள மூன்றாவது லினக்ஸ் மெஷினிலிருந்து ‘ஏஆர்பிங்’ கட்டளையால் அந்த ஐபியைக் கேளுங்கள். சாதாரண பிங் இங்கே உதவாது. இரண்டு பேரில் யார் பதில் சொன்னாலும் அது ஒரே மாதிரிதான் காட்டும். ஏஆர்பிங் கொடுக்கும்போது சின்ன எழுத்து ‘-பி’யை (-b) சேர்க்க மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் முதல் பதில் வந்ததும் ஏஆர்பிங் அந்த ஒரு மேக்கிடம் மட்டுமே தொடர்ந்து கேட்கும், இரண்டாவது ஆள் கண்ணிலேயே படமாட்டார். அதைச் சேர்த்தால் ஒவ்வொரு கேள்வியும் எல்லோருக்கும் போகும். ஒரே கேள்விக்கு 08:00:27-இல் தொடங்கும் இரண்டு வெவ்வேறு மேக்குகள் அடுத்தடுத்த வரிகளில் பதில் சொன்னால், மோதல் கையும் களவுமாகச் சிக்கிவிட்டது.

மோதல் போலத் தெரிந்தாலும் மோதலே இல்லாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விர்ச்சுவல்பாக்ஸில் நாட் முறையில் (உங்கள் கணினியின் முகவரியைக் கொண்டே வெளியே போகும் முறை) ஓடும் எல்லா வி.எம்.களும் 10.0.2.15 என்றே காட்டும், கேட்வே (வெளியே போகும் வாசல்) எல்லாவற்றுக்கும் 10.0.2.2. ஒவ்வொன்றுக்கும் தனி ரவுட்டர் உள்ளுக்குள் இருப்பதால் அவை ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. அவை தங்களுக்குள் பேச வேண்டுமென்றால் ‘நாட் நெட்வொர்க்’ முறைக்கு மாற்றுங்கள். அந்த ஐபியைக் கையால் மாற்றினால் இருக்கிற இணையமும் போய்விடலாம்.

இனி முதல் வகை. விண்டோஸ் எச்சரிக்கை வருவது பெரும்பாலும் இதனால்தான். வி.எம்.முக்கு 192.168.1.105 என்று கையால் ஐபி கொடுத்திருப்பீர்கள். ரவுட்டரின் டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக ஐபி கொடுக்கும் முறை) பட்டியலும் 100 முதல் 199 வரை இருக்கும். நீங்கள் 105-ஐ எடுத்துக்கொண்டது ரவுட்டருக்குத் தெரியாது. வி.எம். அணைந்திருக்கும் நேரத்தில் அது அதே எண்ணை வேறு கருவிக்குக் கொடுத்துவிடும். நிலையான ஐபிகளை டிஎச்சிபி எல்லைக்கு வெளியே, 20 முதல் 90 வரை என்பதுபோல ஒரு பகுதியில் வையுங்கள். அதைவிட நல்லது, வி.எம்.மை டிஎச்சிபியிலேயே விட்டுவிட்டு, ரவுட்டரில் அதன் மேக்குக்கு ஒரு ஐபியை ஒதுக்குவது. அப்போது கணக்கு முழுக்க ஒரே இடத்தில் இருக்கும்.

இதன் மறைமுகமான வடிவம் ஒன்று உண்டு. வி.எம்.மை அணைக்காமல் ‘சேவ் ஸ்டேட்’ கொடுத்து வெள்ளிக்கிழமை மூடிவைத்து, திங்களன்று திறக்கிறீர்கள். உள்ளே இருக்கும் சிஸ்டம் உறைந்த இடத்திலிருந்தே எழும். லீஸ் (ரவுட்டர் அந்த ஐபியைக் கொடுத்திருந்த தவணை) இன்னும் தன்னுடையது என்றே நினைக்கும். ரவுட்டர் அந்த ஐபியை இதற்குள் வேறொருவருக்குக் கொடுத்திருக்கலாம். திறந்தவுடன் விண்டோஸ் கெஸ்டில் (வி.எம்.முக்குள் ஓடும் விண்டோஸில்) ‘ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்’, பிறகு ‘/ரின்யூ’. உபுண்டு சர்வரில் ‘நெட்வொர்க்சிடிஎல் ரின்யூ’ கொடுத்து இன்டர்ஃபேஸ் பெயரைச் சேர்த்தால் போதும். பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு (முன்பு சேமித்த நிலைக்கு) திரும்பும்போதும் இதையே செய்யுங்கள்.

இரண்டாவது வகையில்தான் பலரும் நாள்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். எச்சரிக்கை இல்லாமல் எஸ்எஸ்எச் அறுவது என்று நீங்கள் சொல்வதும் இதுதான் என்று நினைக்கிறேன். குளோனில் அடையாளம் இரண்டு அடுக்காக ஒட்டிக்கொண்டு வரும்.

மேல் அடுக்கு மேக் முகவரி. விர்ச்சுவல்பாக்ஸில் குளோன் எடுக்கும்போது மேக் கொள்கை என்ன என்று ஒரு பட்டியல் கேட்கும். அதில் எல்லா அடாப்டர்களுக்கும் புதிய மேக் உருவாக்கச் சொல்லுங்கள். ஃபோல்டரைக் கையால் காப்பி செய்து வேறு கணினியில் திறந்தால் பழைய மேக்கே வரும். விஎம்வேரில் காப்பி செய்த வி.எம்.மை முதல்முறை திறக்கும்போது ‘நகர்த்தினீர்களா, காப்பி செய்தீர்களா’ என்று கேட்கும்; ‘நகர்த்தினேன்’ என்றால் பழைய மேக் அப்படியே தங்கிவிடும். மேக்கும் ஐபியும் இரண்டுமே ஒன்றாகிவிட்டால் மோதல் எச்சரிக்கை வரவே வராது. 2008-இல் வெளியான ஆர்எஃப்சி 5227 என்ற இணைய விதி ஆவணம் வகுத்த முறைப்படி, தன் ஐபியை வேறு ஒரு மேக் உரிமை கொண்டாடினால்தான் அது மோதல். இங்கே எதிராளியும் அதே மேக் என்பதால் இரண்டு தரப்புக்கும் எல்லாம் சரியாகவே தெரியும். ஸ்விட்ச் மட்டும் அந்த மேக்கை ஒரு நேரம் இந்தப் போர்ட்டிலும் மறுநேரம் அந்தப் போர்ட்டிலும் கற்றுக்கொண்டு பாக்கெட்டுகளை மாற்றி மாற்றி அனுப்பும். ஒருவருக்கு வர வேண்டியது மற்றவருக்குப் போகும், அவர் இணைப்பை அறுத்துவிடுவார்.

கீழ் அடுக்கு உபுண்டு சர்வருக்கே உரியது. 18.04 முதல் அதில் நெட்வொர்க்கைக் கவனிப்பது சிஸ்டம்டி-நெட்வொர்க்டி. அது டிஎச்சிபி கேட்கும்போது தன் அடையாளமாக மேக்கைச் சொல்லாமல், ‘/ஈடிசி/மெஷின்-ஐடி’ கோப்பிலிருந்து கணக்கிட்ட ஒரு எண்ணைச் சொல்லும். குளோன் மூன்றிலும் அந்தக் கோப்பு ஒன்றே. மேக் வேறாக இருந்தாலும், அடையாள எண்ணைப் பார்க்கும் டிஎச்சிபி சர்வர் ‘இவர் பழைய ஆள்தானே’ என்று மூவருக்கும் ஒரே ஐபியைக் கொடுத்துவிடும். புதிய மேக் உருவாக்கியும் மோதல் தீரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: மூன்று வி.எம்.களிலும் அந்தக் கோப்பைத் திறந்து, உள்ளே இருக்கும் 32 எழுத்துகளை ஒப்பிடுங்கள்.

சரிசெய்வது எளிது, வரிசை மட்டும் முக்கியம். ‘ட்ரங்கேட் -எஸ் 0’ கொண்டு அந்தக் கோப்பைக் காலியாக்குங்கள். கோப்பையே அழிக்க வேண்டாம், காலியாக அங்கேயே இருக்கட்டும். அடுத்து ‘/வார்/லிப்/டிபஸ்/மெஷின்-ஐடி’ தனிக் கோப்பாக இருந்தால் அதை நீக்கி, அதே பெயரில் முதல் கோப்புக்கு ஒரு சிம்பாலிக் லிங்க் வையுங்கள். இதை விட்டுவிட்டால், அடுத்த பூட்டில் சிஸ்டம் இந்த டிபஸ் கோப்பில் இருக்கும் பழைய எண்ணையே திரும்ப எடுத்துக்கொள்ளும். நீங்கள் செய்தது வீண். பிறகு ரீபூட். மூல வி.எம்.மில் இதைச் செய்து, அணைத்து, மறுபடி பூட் செய்யாமல் குளோன் எடுப்பதே சரியான முறை. நெட்பிளான் கோப்பில் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கோப்பு) இன்டர்ஃபேஸின் கீழ் ‘டிஎச்சிபி-ஐடென்டிஃபையர்: மேக்’ என்று ஒரு வரி சேர்த்தாலும் மோதல் நிற்கும். ஆனால் மெஷின்-ஐடியை லாக் போன்ற வேறு பகுதிகளும் பயன்படுத்துவதால் அதை மாற்றுவதே முழுத் தீர்வு. கையோடு எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளையும் புதுப்பித்துவிடுங்கள், குளோன்களில் அவையும் ஒன்றாகவே இருக்கும்.

ஹைப்பர்-வி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது தானாகக் கொடுக்கும் மேக்கில் 00:15:5டி-க்கு அடுத்த இரண்டு ஜோடிகள் ஹோஸ்டின் (வி.எம்.களைத் தாங்கும் கணினியின்) ஐபியிலிருந்து முதலில் எடுக்கப்பட்டவை. கடைசி ஜோடி மட்டும் மாறும். ஒரு ஹோஸ்டுக்கு 256 மேக்குகள். ஹைப்பர்-வி நிறுவிய ஹோஸ்டையே இமேஜ் எடுத்துப் பத்து கணினிகளில் போட்டால், பத்தும் ஒரே 256-லிருந்து வாரி வழங்கும். விர்ச்சுவல் ஸ்விட்ச் மேனேஜரில் மேக் எல்லையை ஹோஸ்டுக்கு ஹோஸ்ட் மாற்றுங்கள். ஏற்கெனவே உள்ள அடாப்டர்கள் அதனால் மாறாது. அவற்றை நீக்கிப் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

வி.பி.என். போட்டால் ஒரு சர்வர் மட்டும் கிடைக்காதது மூன்றாவது வகை. வி.எம். மென்பொருள்கள் நிறுவும்போதே உங்கள் கணினியில் ஒரு சப்நெட்டை உருவாக்கிவிடுகின்றன. விர்ச்சுவல்பாக்ஸின் ஹோஸ்ட்-ஒன்லி (ஹோஸ்டும் வி.எம்.களும் மட்டும் பேசிக்கொள்ளும் நெட்வொர்க்) 192.168.56.0/24. கேவிஎம்மை நிர்வகிக்கும் லிப்வர்ட் 192.168.122.0/24. வி.எம். அல்லாத கன்டெய்னர் மென்பொருளான டாக்கரும் அப்படியே, 172.17.0.0/16. விஎம்வேர் நிறுவும் நேரத்தில் ஆளில்லாத ஒரு 192.168 சப்நெட்டைத் தேடி எடுத்துக்கொள்ளும். நீங்கள் லேப்டாப்பை வேறு இடத்துக்கு எடுத்துப்போனால் அங்கே அதே சப்நெட் உண்மையாகவே இருக்கலாம். விஎம்நெட்8-இல் (விஎம்வேரின் நாட் நெட்வொர்க்) ஹோஸ்ட் தனக்கு .1-ஐ வைத்துக்கொள்வதால், அங்குள்ள ரவுட்டரும் .1 என்றால் இணையம் மொத்தமாகப் போய்விடும். கேட்வே என்று அனுப்புவது தன்னிடமே திரும்பிவிடுகிறது.

கண்டுபிடிக்க ஒரே கட்டளை போதும். கிடைக்காத சர்வர் 172.17.4.20 என்று வையுங்கள். லினக்ஸில் ‘ஐபி ரவுட் கெட் 172.17.4.20’ கொடுத்தால், பதிலில் வி.பி.என். இன்டர்ஃபேஸுக்குப் பதிலாக ‘டாக்கர்0’ என்று வரும். பாக்கெட் லேப்டாப்பை விட்டு வெளியே போகவே இல்லை என்று அர்த்தம். விண்டோஸில் ‘ரவுட் பிரிண்ட்’ பட்டியலில் அந்த சப்நெட் இரண்டு முறை வருகிறதா என்று பாருங்கள்.

அலுவலகத்தின் சப்நெட்டை மாற்ற முடியாது. உங்கள் பக்கம்தான் மாற வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸின் நெட்வொர்க் மேனேஜரில் ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டரை 192.168.61.1 என்று மாற்றலாம். லினக்ஸ், மேக்ஓஎஸ் ஹோஸ்ட்களில் 6.1.28 பதிப்பு முதல் 192.168.56 முதல் 63 வரைதான் அனுமதி. அதற்கு வெளியே வேண்டுமென்றால் ‘/ஈடிசி/விபாக்ஸ்/நெட்வொர்க்ஸ்.கான்ஃப்’ கோப்பில் எழுத வேண்டும். அடாப்டரை மாற்றிவிட்டுப் பக்கத்து ‘டேப்’பில் உள்ள டிஎச்சிபி சர்வரை மாற்ற மறப்பது வழக்கமான தவறு. கெஸ்ட்கள் பழைய 56-இலேயே ஐபி வாங்கிக்கொண்டு நிற்கும். விஎம்வேரில் விர்ச்சுவல் நெட்வொர்க் எடிட்டரை அட்மினாகத் திறந்து விஎம்நெட்8-இன் சப்நெட்டை மாற்றுங்கள். அங்கே .2 கேட்வே, .128 முதல் .254 வரை டிஎச்சிபி, நிலையான ஐபிக்கு .3 முதல் .127 வரை. டாக்கரில் ‘டீமன்.ஜேசன்’ கோப்பில் ‘பிப்’ (bip) மதிப்பைக் கொடுத்தால் டாக்கர்0 மட்டும் மாறும். டாக்கர் கம்போஸ் உருவாக்கும் நெட்வொர்க்குகளுக்கு ‘டிஃபால்ட்-அட்ரஸ்-பூல்ஸ்’ மதிப்பையும் கொடுத்து, பழையவற்றை நீக்கி மறுபடி எழுப்ப வேண்டும். ஹைப்பர்-வியின் டிஃபால்ட் ஸ்விட்ச் ரீபூட்டுக்குப் பிறகு 172.16.0.0/12-க்குள் வேறு சப்நெட்டுக்குத் தாவக்கூடியது, அதோடு போராடாமல் தனி இன்டர்னல் ஸ்விட்சும் நாட்டும் நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய அலுவலகங்களில் மட்டும் வரும் பொய் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. இஎஸ்எக்ஸ்ஐ (விஎம்வேரின் சர்வர் மென்பொருள்) மேல் விண்டோஸ் வி.எம்., வெளியே சிஸ்கோ ஸ்விட்ச். லிங்க் எழும் நேரத்தில் விண்டோஸ் தன் ஐபியைச் சோதிக்கிறது. அதே நொடியில் ஸ்விட்சின் ‘டிவைஸ் ட்ராக்கிங்’ (இணைந்த கருவிகளைக் கண்காணிக்கும் வசதி) 0.0.0.0 என்ற அனுப்புநரோடு அதே ஐபியை விசாரிக்கிறது. வேறு யாரோ கேட்கிறார்கள் என்று விண்டோஸ் ஐபியை விட்டுவிட்டு 169.254-இல் தொடங்கும், தானே எடுத்துக்கொள்ளும் முகவரிக்குப் போய்விடும். 4199 நிகழ்வில் இருக்கும் மேக் ஸ்விட்சுடையது என்பதே தடயம். ஸ்விட்சில் அந்த விசாரணையை 10 நொடி தாமதப்படுத்தினால் தீரும். ரெஜிஸ்ட்ரியில் ‘ஏஆர்பிரீட்ரைகவுண்ட்’ மதிப்பை 0 ஆக்கும் வழியும் சொல்வார்கள், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாளை உண்மையான மோதல் வந்தாலும் அந்த மெஷின் கண்டுகொள்ளாது.

உங்களுக்கு என் வரிசை இது: முதலில் மூன்று வி.எம்.களின் மெஷின்-ஐடி, பிறகு மேக், பிறகு ரவுட்டரின் டிஎச்சிபி எல்லை, கடைசியில் வி.பி.என். ரவுட். ஒவ்வொன்றையும் மாற்றியதும் உடனே வேலை செய்யாவிட்டால் மாற்றியதைத் திரும்பப் பழையபடி ஆக்கிவிடாதீர்கள். ரவுட்டர் பழைய மேக்கையே நினைவில் வைத்திருக்கும்; சிஸ்கோ ரவுட்டர்களில் அது இயல்பாக 4 மணி நேரம். ரவுட்டரில் ஏஆர்பி பட்டியலை (எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற பட்டியல்) துடைக்கலாம், அல்லது சரியான வி.எம்.மிலிருந்து பெரிய எழுத்து ‘-யூ’வோடு ஏஆர்பிங்கைத் தன் சொந்த ஐபிக்கே இரண்டு மூன்று முறை அனுப்பலாம், எல்லோரும் புதிய மேக்கைப் பதிந்துகொள்வார்கள்.