கேளுங்கள் இன்ஜினியரை: பி.எம்.பி. எழுதலாமா, கவர் எவ்வளவு, மழைக்கு என்ன கணக்கு?

டிப்ளமா சிவில் முடித்துவிட்டு மார்த்தாண்டத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் ஆறு வருடமாக சைட் இன்ஜினியராக இருக்கிறேன். கல்ஃப் போக ஆசை. ஒரு பயிற்சி நிலையத்தில் 'பி.எம்.பி. (திட்ட மேலாளர்களுக்கான சான்றிதழ் தேர்வு) படித்தால் வேலை நிச்சயம், பாஸ் கியாரண்டி' என்கிறார்கள். கட்டணம் என் மூன்று மாதச் சம்பளம். சேரலாமா?
– வாசகர், கருங்கல்

பாஸ் கியாரண்டி என்று சொன்ன இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும் தம்பி. அந்தத் தேர்வை நடத்துவது அமெரிக்காவில் இருக்கும் பி.எம்.ஐ. என்ற அமைப்பு. பாஸ் மார்க் எவ்வளவு என்பதைக்கூட அவர்கள் வெளியே சொல்வதில்லை, இதில் இங்கே உட்கார்ந்துகொண்டு யார் எதற்கு கியாரண்டி கொடுப்பது?

சரி, தேர்வு நல்ல தேர்வா என்றால் நல்ல தேர்வுதான். 180 கேள்விகள். எழுதுவதற்கு முன் 35 மணி நேர வகுப்பு முடித்திருக்க வேண்டும். டிகிரி உள்ளவர்களுக்கு 36 மாதம், இல்லாதவர்களுக்கு 60 மாதம் அனுபவம் என்பது பல வருடமாக இருந்துவரும் கணக்கு. ஆறு வருடம் ஆகிவிட்டதே என்று நினைப்பீர்கள், சிக்கலே அங்கேதான். அவர்கள் கேட்பது வேலையை முன்னின்று நடத்திய அனுபவம்: திட்டம் போட்டது, செலவைக் கட்டுப்படுத்தியது, ஆட்களைப் பிரித்துவிட்டது, தாமதம் வந்தபோது முடிவெடுத்தது. கான்ட்ராக்டர் போனில் சொன்னதை மேஸ்திரியிடம் சொன்னது இதில் சேராது. விண்ணப்பங்களில் சிலவற்றை ஆடிட் என்று எடுத்துச் சரிபார்ப்பார்கள், அப்போது உங்கள் முதலாளி நீங்கள் எழுதியதெல்லாம் உண்மை என்று உறுதி சொல்ல வேண்டியிருக்கும். பாஸ் ஆனாலும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை 60 பி.டி.யு. (தொடர்கல்விப் புள்ளி) சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும், அதாவது தொடர்ந்து படித்துக்கொண்டே இருக்க வேண்டும். அனுபவம் கேட்காத சின்னத் தேர்வு வேண்டுமென்றால் அவர்களே நடத்தும் சி.ஏ.பி.எம். இருக்கிறது, 23 மணி நேர வகுப்பு போதும்.

கல்ஃப் விஷயத்தில் இன்னொன்று. சவூதியில் இன்ஜினியர்கள் கவுன்சில் பதிவு, கத்தாரில் யு.பி.டி.ஏ. என்ற அமைப்பின் இன்ஜினியர் பதிவு, குவைத்தில் 2018லிருந்து, படித்த படிப்புக்கு என்.பி.ஏ. (இந்தியாவின் தொழில்நுட்பப் படிப்பு அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்ற கேள்வி என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வாசல் இருக்கிறது, அதை பி.எம்.பி. திறந்துவிடாது. உங்கள் டிப்ளமாவை வைத்து எந்த வேலைப் பெயரில் விசா கிடைக்கும் என்பதை முதலில் விசாரியுங்கள்.

அப்புறம், அங்கே பெரிய வேலைகளில் பலவும் ஃபிடிக் (ஆலோசனை இன்ஜினியர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு) வகுத்த ஒப்பந்த முறையில் நடப்பவை. வேலை தாமதமானதற்குக் கூடுதல் நாளோ பணமோ வேண்டுமென்றால், காரணம் தெரிய வந்த 28 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் உரிமையே போய்விடலாம். நம் ஊரில் எல்லாம் வாய்ச்சொல்லிலும் வாட்ஸப் வாய்ஸிலும் ஓடுகிறது, அந்தப் பழக்கத்தோடு அங்கே போய் முழிக்கிறவர்கள் நிறைய.

அதனால் இப்போது சேர வேண்டாம் என்பேன். ஒரு வருடம் சைட் டைரி எழுதுங்கள்: எத்தனை ஆள் வந்தார்கள், எத்தனை மூட்டை போனது, எத்தனை மணிக்கு மழை பிடித்தது, யார் என்ன மாற்றச் சொன்னார்கள். ஒரு வீட்டுக்காவது பார் சார்ட் (எந்த வேலை எப்போது என்ற கால அட்டவணை), கம்பி ஷெட்யூல், செலவுக் கணக்கு மூன்றையும் நீங்களே போடுங்கள். என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் கட்டுமான மேலாண்மை வகுப்புகள் இலவசம், தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். இதெல்லாம் முடிந்த பிறகும் ஆசை இருந்தால் அந்த மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டலாம்.

குளச்சல் கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு கட்டுகிறோம். எம்-20 கிரேடு கான்கிரீட் போதும், கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்) முக்கால் அங்குலம், இப்படித்தான் எல்லா வீட்டுக்கும் போடுகிறேன் என்கிறார் கான்ட்ராக்டர். நம்பலாமா?
– வாசகி, குளச்சல்

வேண்டாம்மா. ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரநிலை (2000ல் வந்த பதிப்பு) கடற்கரைச் சூழலுக்குத் திறந்திருக்கும் கான்கிரீட்டைக் கடுமையான சூழல் என்ற வகையில் வைக்கிறது. அந்த வகைக்குக் குறைந்தது எம்-30, ஒரு கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமெண்ட், தண்ணீர்–சிமெண்ட் விகிதம் 0.45க்கு மேல் போகக் கூடாது, கவர் 45 மில்லி. உப்புக் காற்று நேராகப் படாமல் உள்ளே அடங்கிய பாகங்களுக்கு எம்-25, 30 மில்லி. கான்ட்ராக்டர் சொல்லும் முக்கால் அங்குலம் 20 மில்லிகூட வராது. உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும், துரு பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். உங்கள் தெருவிலேயே பழைய வீடுகளின் சன்ஷேடை அண்ணாந்து பாருங்கள், அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி தெரியும்.

கவர் பிளாக் (கவர் கிடைக்கக் கம்பிக்கு அடியில் வைக்கும் சின்னக் கட்டை) எவ்வளவு என்று பேசுவதைவிட, வார்ப்பு அன்றைக்குக் காலையில் தளத்தில் ஏறிப் பார்ப்பது முக்கியம். பல இடத்தில் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லிக் கல்லைக் கம்பிக்கு அடியில் செருகியிருப்பார்கள். சட்டி தூக்கிக்கொண்டு நாலு பேர் கம்பி மேல் நடந்ததும் அந்தக் கல் நழுவி, கம்பி பலகையோடு ஒட்டிக்கொள்ளும். மேலே கான்கிரீட் விழுந்த பிறகு யாருக்குத் தெரியப் போகிறது? அதனால்தான் ஒழுங்கான கம்பெனிகளில் பவுர் கார்டு என்று ஒரு தாள் வைத்திருப்பார்கள். கம்பி, கவர், முட்டு, பிளம்பிங் பைப், எலக்ட்ரிக் பைப் எல்லாம் பார்த்து ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மிக்ஸர் ஓடும். ஒரு வீட்டு வேலைக்கும் அதை வைத்துக்கொள்ளலாம், அரைப் பக்கம் போதும்.

தண்ணீர் விஷயம். 0.45 என்றால் 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 22.5 லிட்டர், மணலில் இருக்கும் ஈரமும் இதில் அடக்கம். மூட்டைக்கு 100 கிலோ மணல் போகிறது, மழையில் நனைந்து 5 சதவீதம் ஈரம் இருக்கிறது என்றால் 5 லிட்டர் மணலோடேயே வந்துவிட்டது, அதைக் கழித்துத்தான் ஊற்ற வேண்டும். இறுகலாக இருக்கிறது என்று வாளியைத் தூக்கினால் தடுத்து நிறுத்துங்கள். இளக்கம் வேண்டுமென்றால் பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமலே இளக்கம் தரும் ரசாயனம்) கலக்கட்டும்.

பி.இ. முடித்து ஒரு வருடம். என் சைட் மேஸ்திரிக்கு முப்பது வருட அனுபவம். எதைச் சொன்னாலும் "மக்ளே, நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே நான் தளம் போட்டவன்" என்று சிரிக்கிறார். என்ன செய்வது?
– வாசகி, தக்கலை

அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். முட்டு எங்கே பலவீனம் என்று அவர் கண் கண்டுபிடிப்பதை உங்கள் புத்தகம் கண்டுபிடிக்காது, அதை அவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். "அண்ணே, இது எப்படின்னு சொல்லித் தாங்க" என்று கேட்டால் எந்த மேஸ்திரியும் முகம் சுளிக்க மாட்டார்.

ஆனால் கியூப் (வலிமையைச் சோதிக்க வார்த்தெடுக்கும் கான்கிரீட் கட்டி) எடுப்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். 1000 சதுர அடித் தளம், 5 அங்குலக் கனம் என்றால் கிட்டத்தட்ட 12 கன மீட்டர். அதற்கு ஐ.எஸ். 456 கணக்கில் இரண்டு சாம்பிள், சாம்பிளுக்கு மூன்றாக ஆறு கியூப். 28ஆம் நாள் ரிசல்ட் வந்ததும் முதலில் அவரிடம் காட்டுங்கள், முதலாளியிடம் கொண்டுபோவது அப்புறம். நன்றாக வந்தால் பெருமை அவருக்கு, குறைந்தால் என்ன நடந்தது என்று அவரே யோசிக்கத் தொடங்குவார். தளத்து முட்டுப் பிரிப்பதிலும் அப்படித்தான்: சாதாரண சிமெண்டில் ஸ்பான் (தாங்கும் சுவர்களுக்கு அல்லது பீம்களுக்கு இடையே உள்ள தூரம்) 4.5 மீட்டர் வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்று சுவரில் சாக்பீஸால் தேதி போட்டு எழுதிவிடுங்கள். சுவரில் எழுதியதோடு யாரும் தர்க்கம் செய்ய மாட்டார்கள்.

ஷெட்யூல் போட்டு என்ன பயன்? குமரியில் எப்போது மழை வரும் என்று யாருக்குத் தெரியும்?
– வாசகர், குலசேகரம்

எந்த நாள் என்று தெரியாது, எந்த மாதம் என்று தெரியுமே. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் நனைக்கும் மாவட்டம் இது. நெல் பயிரையே கன்னிப்பூ, கும்பப்பூ என்று பருவம் பார்த்து விதைத்த ஊர்தான். ஜூன், ஜூலை, அக்டோபர், நவம்பரில் மண் தோண்டும் வேலையையும் வெளிப்பூச்சையும் வைக்காதீர்கள், அந்த மாதங்களுக்கு உள்பூச்சு, வயரிங், மர வேலையைத் தள்ளுங்கள். மழையால் நின்ற நாளை அன்றைக்கே டைரியில் எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அவருக்கு ஒரு மழையும் ஞாபகம் இருக்காது. முறையாகப் படிக்க வேண்டுமென்றால் கட்டுமானத் திட்ட மேலாண்மைக்கென்றே ஐ.எஸ். 15883 இருக்கிறது. பி.ஐ.எஸ். (இந்தியத் தரநிலைகளை வெளியிடும் அமைப்பு) இணையதளத்தில் பதிவு செய்தால் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

வீட்டில் விரிசல் வந்தால் ஐந்து வருடம் கட்டியவர்தான் பொறுப்பு என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், நாகர்கோவில்

அது 2016ஆம் ஆண்டு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 14வது பிரிவு. அதன் கீழ் வரும் திட்டத்தில் புரோமோட்டரிடம் (கட்டி விற்பவரிடம்) வாங்கிய வீடு என்றால், ஒப்படைத்ததிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் 30 நாளில் அவர் செலவிலேயே சரிசெய்து தர வேண்டும். சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டியதற்கு இந்தப் பிரிவு உதவாது, உங்கள் இருவருக்கும் இடையே எழுதிய ஒப்பந்தம்தான் பேசும். அதில் கான்கிரீட் கிரேடு, கம்பி, தவணை, குறை வந்தால் யார் பொறுப்பு, எத்தனை நாளில் என்று தெளிவாக எழுதுங்கள். கடைசித் தவணையில் ஒரு 5 சதவீதம் ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகுதான் என்பதையும் வேலை தொடங்கும் முன்பே அதிலேயே சேர்த்துவிடுங்கள், முடிந்த பிறகு பிடித்து வைத்தால் சண்டைதான் வரும்.