கேள்வி – பதில்: ஒரு சிறு கல்லூரியின் இலையுதிர் காலம்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், அப்பலாச்சிய மலைகளின் அடிவாரத்தில், ஏறத்தாழ 1,500 மாணவர்கள் மட்டுமே படிக்கும் பெரியா கல்லூரியைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பதிலினூடே குறிப்பிட்டிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அக்டோபர், நவம்பர் மாதங்களில் அங்கே என்னதான் நடக்கிறது என்று கேட்கின்றன. ஆகவே, இந்த இதழின் பக்கங்களை அக்கல்லூரிக்கே ஒதுக்கிவிட்டேன்.

மலை ஏறுவதற்காகவே வகுப்புகளுக்கு ஒரு நாள் விடுமுறை விடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இது சுற்றுலாவா, சடங்கா? பாடம் கெடாதா?
– கல்லூரி மாணவி, திருச்சி

இரண்டும்தான். ‘மவுண்டன் டே’ என்று அவர்கள் அழைக்கும் மலை நாள், பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் அமெரிக்கச் சிறு கல்லூரிகள் சிலவற்றில் தொடர்ந்து வரும் வழக்கம். மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள மவுண்ட் ஹோல்யோக் மகளிர் கல்லூரியில் அது 1838இல் தொடங்கியது. அதற்கு அருகிலுள்ள ஸ்மித் கல்லூரியில் 1877இல். அவ்விரு இடங்களிலும் நாள் எதுவென்று முன்கூட்டிச் சொல்வதில்லை. இலையுதிர் காலத்தில் வானம் தெளிந்திருக்கும் ஒரு காலையில் கல்லூரி மணிகள் வழக்கத்திற்கு மாறாக நெடுநேரம் ஒலிக்கும்; அன்று வகுப்புகள் இல்லை என்பது அதன் பொருள்.

பெரியாவில் அந்த மர்மம் கிடையாது. அக்டோபரில் ஒரு நாளைக் குறித்துவிடுகிறார்கள். விடிவதற்கு வெகு முன்பே, கைவிளக்குகளுடன், மாணவர்கள் காட்டுப் பாதையில் ‘பினக்கிள்ஸ்’ என்னும் பாறை உச்சிகளை நோக்கி ஏறத் தொடங்குகிறார்கள். கதிரவன் எழும்போது அவர்கள் உச்சியில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. கீழே விரிந்து கிடப்பது கல்லூரிக்கே சொந்தமான, சுமார் 9,000 ஏக்கர் பரப்புள்ள காடு. மேப்பிள் மரங்கள் சிவந்தும், டியூலிப் பாப்லர், ஹிக்கரி மரங்கள் மஞ்சள் பூத்தும், ஓக் மரங்கள் செம்பழுப்பு நிறம் கொண்டும் நிற்கின்றன. பகல் குறுகிக் குளிர் கூடும்போது இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை அதற்குள் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. சிவப்பு நிறமியோ அந்த நாள்களில்தான் இலைக்குள் புதிதாக உருவாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் அமைந்தால் சிவப்பு தூக்கலாக இருக்கும். அக்டோபரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு சொல்ல வேண்டியதில்லை.

இறங்கி வந்த பிறகு மலையடியிலுள்ள திறந்தவெளி அரங்கில் பாட்டும் நாட்டுப்புற நடனமும் விளையாட்டுகளும் நடைபெறும். இந்த நாளின் பெருமதிப்பு இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்: ஆகஸ்ட் மாதக் கடைசியில் முன்பின் அறியாதவர்களாக வந்து சேர்ந்த முதலாண்டு மாணவர்கள், இரண்டு மாதத்திற்குள், நான்காம் ஆண்டு மாணவர்களோடும் பேராசிரியர்களோடும் ஒரே பாதையில் மூச்சு வாங்கி ஏறுகிறார்கள். முப்பதாயிரம் பேர் படிக்கும் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு நாளைத் திட்டமிடவே முடியாது. ஒரு நாள் பாடம் தள்ளிப்போகிறது, உண்மைதான். அதை ஈடுசெய்யப் பருவத்தில் இன்னும் எத்தனையோ நாள்கள் இருக்கின்றன.

கல்விக் கட்டணமே இல்லையாம், ஆனால் எல்லா மாணவர்களும் வேலை செய்தாக வேண்டுமாம். பிள்ளையைப் படிக்க அனுப்புகிறோமா, வேலைக்கு அனுப்புகிறோமா? படிப்பு பாதிக்கப்படாதா?
– ஒரு தந்தை, திண்டுக்கல்

உங்கள் கவலை நியாயமானது. பிள்ளைகளைக் கூலிக்கு அனுப்பிப் படிப்பை இழந்த தலைமுறைகளை நாம் பார்த்திருக்கிறோம். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1892ஆம் ஆண்டு முதல் பெரியா கல்லூரி எந்த மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. அந்தச் செலவைப் பெருமளவு தாங்குவது, நன்கொடைகளாலும் முதலீடுகளாலும் வளர்ந்து இன்று நூறு கோடி டாலரையும் தாண்டி நிற்கும் கல்லூரியின் அறக்கட்டளை நிதி. பணம் படைத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே பொதுவாக இடம் இல்லை. வருமானம் குறைந்த குடும்பங்களிலிருந்து, அதிலும் அப்பலாச்சிய மலைப்பகுதியிலிருந்து வருவோருக்கே முன்னுரிமை. எனவே மாணவரின் உழைப்பை கட்டணத்திற்கு மாற்றாகப் பார்ப்பது சரியாகாது. அது கல்வியின் ஒரு பகுதியாகவே வைக்கப்பட்டிருக்கிறது. முழுநேர மாணவர் ஒவ்வொருவரும் வாரத்திற்குக் குறைந்தது பத்து மணி நேரம் வேலை செய்ய வேண்டும். அதற்குச் சிறு ஊதியம் உண்டு. மேற்பார்வையாளர் மதிப்பீடும் செய்கிறார்.

என்ன வேலை என்று கேட்பீர்கள். நூலகம், கணினிப் பிரிவு, அலுவலகம், விடுதித் துப்புரவு, பண்ணை, தறி, மர வேலை என்று பலவும் உண்டு. 1909இல் கட்டப்பட்ட ‘பூன் டேவர்ன்’ என்னும், கல்லூரிக்குச் சொந்தமான பயணியர் விடுதியிலும் அதன் உணவகத்திலும் விருந்தினரை வரவேற்பதும் உணவு பரிமாறுவதும் மாணவர்களே. என் மனத்தில் நிற்பது துடைப்பப் பட்டறை. 1920 முதல் அங்கே துடைப்பம் கட்டுகிறார்கள். மூலப்பொருள், நம் மானாவாரி நிலங்களில் விளையும் சோளத்தின் உறவுப் பயிர். தானியத்திற்காக அல்லாமல் கதிரின் நீண்ட தாளுக்காகவே வளர்க்கப்படுவது. அந்தத் தாளைச் சாயமேற்றி, ஈரப்பதத்தில் வளையும்படி வைத்து, கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே அடுக்கடுக்காக இறுக்கிச் சுற்றி, பிறகு தட்டையாக அழுத்தி நூலால் தைக்கிறார்கள். பிடி தளர்ந்தால் துடைப்பம் உதிர்ந்துபோகும். இலையுதிர் காலத்தில் பெரியா ஊருக்கு வரும் பயணிகள் விரும்பி வாங்கிச் செல்லும் பொருள்களில் அதுவும் ஒன்று.

படிப்பு பாதிக்கப்படுகிறதா என்றால், நேரம் நெருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. நவம்பர் இறுதியில் கட்டுரைகளும் தேர்வுகளும் சேர்ந்து வரும் நாள்களில் அந்தப் பத்து மணி நேரம் பெரிதாகவே தெரியும். ஆனால் இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. நம் கல்லூரிகளிலும் ஏழை மாணவர்கள் வேலை செய்கிறார்கள். மாலையில் ஓட்டலில், விடியலில் செய்தித்தாள் போடுவதில். தோழர்களுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டு செய்கிறார்கள். பெரியாவில் எல்லோரும் வேலை செய்வதால் மறைப்பதற்கு எதுவும் இல்லை. வகுப்பில் முதலிடம் பெறுபவர் மாலையில் குளியலறை கழுவுவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த ஒரு காரணத்திற்காகவே அந்த முறையை நான் மனமார மதிக்கிறேன்.

அமெரிக்காவில் கல்வியாண்டு ஏன் இலையுதிர் காலத்தையொட்டித் தொடங்குகிறது?
– ஆசிரியர் பயிற்சி மாணவர், விழுப்புரம்

எப்போதும் அப்படி இருந்ததில்லை. பழைய கல்லூரிகள் பலவற்றில் குளிர்காலத்தில்தான் நீண்ட விடுமுறை; ஏழை மாணவர்கள் அந்த மாதங்களில் கிராமப் பள்ளிகளில் பாடம் நடத்திச் செலவுக்குச் சம்பாதித்தார்கள். பிற்காலத்தில் கோடை விடுமுறை நிலைபெற்று, ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ தொடங்கி டிசம்பரில் தேர்வோடு முடியும் பருவம் உருவாயிற்று. நடுவே, நவம்பர் மாத நான்காம் வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள் வருகிறது. ஊருக்குப் போக வழியில்லாத மாணவர்களுக்கு வளாகம் வெறிச்சோடும் நாள்கள் அவை.

கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து படித்த கல்லூரி என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அடிமை முறை இருந்த மாநிலத்தில் அது எப்படி முடிந்தது?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, நாகர்கோவில்

ஒரு வரியில் முடித்திருக்கக் கூடாத வரலாறுதான். அடிமை முறையை எதிர்த்த போதகர் ஜான் ஜி. ஃபீ, 1855இல் ஓரறைப் பள்ளியாக இதைத் தொடங்கினார். நிலம் கொடுத்தவர் கேசியஸ் கிளே என்ற அரசியல்வாதி. 1859இன் இறுதியில் அடிமை முறையின் ஆதரவாளர்கள் ஆயுதங்களோடு வந்து ஃபீயின் தோழர்களை ஊரைவிட்டே விரட்டினார்கள். உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு அவர்கள் திரும்பி வந்து கதவைத் திறந்தார்கள். 1866–67ஆம் ஆண்டில் படித்த 187 பேரில் 96 பேர் கறுப்பினத்தவர், 91 பேர் வெள்ளையர். “மனுஷஜாதியான சகல ஜனங்களையும் அவர் ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணி” என்று தமிழ் வேதாகமத்தில் நாம் படிக்கும் அப்போஸ்தலர் நடபடிகளின் வசனமே அக்கல்லூரியின் குறிக்கோள் வாசகம். கல்லூரியின் பெயரும் அதே அதிகாரத்தில் வரும் பெரோயா பட்டணத்தின் பெயர்தான்.

பிறகு வந்தது பெருங்கேடு. 1904இல் கென்டக்கி சட்டமன்றம் இரு இனத்தவரையும் ஒன்றாகக் கற்பிப்பதைத் தடைசெய்து, அதை முன்மொழிந்த உறுப்பினரின் பெயரால் ‘டே சட்டம்’ எனப்படும் சட்டத்தை இயற்றியது. கல்லூரி உச்ச நீதிமன்றம் வரை சென்று போராடி, 1908இல் தோற்றது. நீதிபதி ஹார்லன் மாறுபட்ட தீர்ப்பெழுதினார். கறுப்பின மாணவர்களுக்காக லிங்கன் கல்விநிலையம் என்று தனியாக ஒன்றை உருவாக்க உதவியதே கல்லூரியால் அப்போது முடிந்தது. 1950இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே பெரியா மீண்டும் பழைய பெரியா ஆயிற்று. கறுப்பின வரலாற்று வாரத்தை 1926இல் தொடங்கிய கார்ட்டர் ஜி. உட்சன், தடை வருவதற்கு ஓராண்டு முன்பு, 1903இல், இங்கே பட்டம் பெற்றவர். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்துவிட்டுப் படிக்க வந்தவர். இவ்வளவையும் தெரிந்துகொண்டு பார்த்தால், மலை நாளில் இரு இனப் பிள்ளைகளும் ஒரே பாறையில் அமர்ந்து விடியலைப் பார்ப்பது சாதாரணக் காட்சி அல்ல என்பது விளங்கும். அவர்களுக்கு ஒன்றாகக் கற்பிப்பதே நாற்பத்தாறு ஆண்டுகள் சட்டப்படி குற்றமாக இருந்தது.

இலையுதிர் காலத்தில் இசை விழாவும் உண்டாமே?
– வாசகர், தஞ்சாவூர்

உண்டு. 1974இல் தொடங்கிய மரபிசைக் கொண்டாட்டம் அது. ஃபிடில், பாஞ்சோ, டல்சிமர் ஆகிய நரம்பிசைக் கருவிகள், பக்திப் பாடல், கதைப்பாடல் என்று அப்பலாச்சிய மலைமக்களின் இசையை, மேடைக்காக மெருகேற்றாமல், வழிவழியாகக் கற்றவர்களைக் கொண்டே பாடவும் வாசிக்கவும் வைப்பது அதன் நோக்கம். கல்லூரியின் பெரிய கூடங்களில் ஒன்று, ஃபெல்ப்ஸ் ஸ்டோக்ஸ் தேவாலயம். 1906இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் செங்கற்களை அறுத்ததும் சுவர் எழுப்பியதும் அன்றைய மாணவர்கள். தங்கள் முன்னோர் கைப்படக் கட்டிய கூடத்தில் இன்றைய மாணவர்கள் உரை கேட்கிறார்கள் என்பதைத் தஞ்சை வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய சிறு கல்லூரிகளுக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு ஏதேனும் உண்டா?
– கல்லூரி நூலகர், மதுரை

பெரியாவோடு நேரடியாகச் சொல்லும்படி என்னிடம் செய்தி இல்லை. ஆனால் அதே மரபைச் சேர்ந்த ஒஹையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரி உங்கள் ஊருக்கு நெருக்கமானது. 1835இலேயே கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள முடிவெடுத்த கல்லூரி அது. பெரியாவின் தொடக்கக் கால ஆசிரியர்கள் பலர் அங்கே படித்தவர்கள். ஓபர்லினைச் சார்ந்த ‘ஷான்சி’ அமைப்பின் வழியே, பட்டம் பெற்ற இளைஞர்கள் மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் பல்லாண்டுகளாக வந்து பணியாற்றியிருக்கிறார்கள். உங்கள் நூலகத்தின் பழைய ஆண்டு மலர்களைப் புரட்டினால் அவர்களின் படங்கள் கிடைக்கக்கூடும். கிடைத்தால் எங்களுக்கும் எழுதுங்கள்.

என் மகள் அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு. எங்களுக்கு வசதி இல்லை. வெளிநாட்டு மாணவர்களைப் பெரியாவில் சேர்த்துக்கொள்வார்களா?
– ஒரு தாய், ஈரோடு மாவட்டம்

சேர்த்துக்கொள்கிறார்கள், ஆனால் மிகச் சிலரை. சேர்க்கை பெறும் வெளிநாட்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் முதலாண்டின் கல்வி, தங்குமிடம், உணவு ஆகிய செலவுகள் முழுவதையும் ஈடுகட்டக் கல்லூரி வழிசெய்கிறது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் கோடை விடுமுறையில் வேலை செய்து ஒரு பகுதியை மாணவரே சேமிக்க வேண்டியிருக்கும். உலகம் முழுவதிலிருந்தும் விண்ணப்பங்கள் குவிவதால் போட்டி கடுமையானது. இதை மட்டும் நம்பி இருக்காமல் நம் மாநிலக் கல்லூரிகளுக்கும் தவறாமல் விண்ணப்பியுங்கள். சேர்க்கைக்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்னரே விண்ணப்பப் பணி தொடங்கிவிடும். ஆகையால் மதிப்பெண் பட்டியல், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், ஆங்கிலத் தேர்ச்சிக்கான தேர்வு, குடும்ப வருமானச் சான்று ஆகியவற்றைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும்போதே தயார் செய்துகொள்ளுங்கள். கடைசித் தேதிகளைக் கல்லூரியின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மட்டுமே பாருங்கள். இடம் வாங்கித் தருவதாக முகவர் யாரேனும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இக்கல்லூரியில் சேர முகவர் எவரும் தேவையில்லை. உங்கள் மகள் தானே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.