எம்பிராய்டரியில் புள்ளி காணாமல் போகிறது: டர்பன் காவடிக் குழு லோகோ

எழுத்தைப் பெரிதாக்குங்கள், தைத்தவர் மேல் தவறில்லை. டி-ஷர்ட் அச்சில் ஒழுங்காக வந்த ‘காவடிக் குழு’, போலோ சட்டையில் ‘காவடிக குழு’ ஆகிவிட்டது என்கிறீர்கள். எம்பிராய்டரி நூலின் தடிமனே ஏறக்குறைய 0.4 மி.மீ. எழுத்து சின்னதாக இருந்தால் அதன் மேலுள்ள புள்ளியும் துணிக்குள் அமுங்கிப் போயிருக்கும்.

லோகோவை நெஞ்சில் வரும் அளவிலேயே தாளில் அச்செடுத்து ஸ்கேலை வைத்துப் பாருங்கள். புள்ளி 1 மி.மீ.கூட இல்லையென்றால் பெயரை இரண்டு வரியாக உடைத்து எழுத்தைப் பெரிதாக்குங்கள். அல்லது லோகோவில் உள்ள மயில் படத்தை மட்டும் தைத்து, பெயரை முதுகில் அச்சிடுங்கள். நானாக இருந்தால் இரண்டாவதுதான்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக் வேண்டாம். எழுத்துகளை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி எஸ்விஜி அல்லது பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். அப்படி மாற்றாமல் கொடுத்து, கடைக் கணினியில் நம் எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். எங்கள் கோயில் பேனரில் பட்ட பாடு!

அந்தக் கோப்பையும் இயந்திரம் அப்படியே தைக்காது. கடையில் அதை டிஜிட்டைஸ் செய்து, அதாவது படத்தைத் தையல்களாக மாற்றி, இயந்திரம் படிக்கும் டிஎஸ்டி கோப்பாக்க வேண்டும். போலோ துணி இழுபடும் என்பதால் 1 மி.மீ. கணக்கும் சில சமயம் பொய்க்கும். அதே துணியில் ஒரு மாதிரி தைத்துக் காட்டிய பிறகே மொத்தச் சட்டைகளுக்கும் சரி சொல்லுங்கள்.